எல்லா டிசைனும் ஏன் ஒரே முகத்தோடு இருக்கிறது?

கிராஃபிக் டிசைன் பழகுகிறவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது இரண்டு கேள்விகள். எந்த சாஃப்ட்வேர் நல்லது? இப்போது என்ன ட்ரெண்ட்? ஐடியாவுக்கு எங்கே போவது என்று கேட்பவர்கள் குறைவு. படங்களைத் தேடிச் சேர்க்கும் பின்டரெஸ்ட் தளம் இருக்கிறதே, அப்புறம் என்ன என்று நினைத்துவிடுகிறார்கள். எனக்கோ அதுதான் முதல் கேள்வியாகப் படுகிறது.

பின்டரெஸ்டில் ஒரு போஸ்டரைத் தொட்டால் அதே சாயலில் இன்னும் பல போஸ்டர்கள் வந்து விழும். அதன் வேலையே அதுதான், குறை சொல்ல முடியாது. ஆனால் அவற்றைச் செய்தவர்களில் பலரும் அங்கேயே தேடித்தான் செய்திருப்பார்கள். நகலைப் பார்த்து எடுத்த நகலைப் பார்த்து நாமும் ஒரு நகல் எடுக்கிறோம். மூலத்தில் எது ஏன் அப்படி இருந்தது என்பது இடையில் எங்கேயோ உதிர்ந்துவிடுகிறது.

ரிசோ பாணியையே எடுத்துக்கொள்ளுங்கள். புள்ளி புள்ளியாகச் சொரசொரப்பு, கொஞ்சம் விலகி விழுந்த நிறம், பளீர் இளஞ்சிவப்பு. இப்போது ஒரு ஃபில்டரைத் தட்டினால் வந்துவிடும். ரிசோகிராஃப் என்பது ஜப்பானில் 1980களில் வந்த அச்சு இயந்திரம். பள்ளிகளும் அலுவலகங்களும் மலிவாகப் பிரதி எடுக்க வந்தது, கலைக்காக வந்ததல்ல. ஒரு நிறத்துக்கு ஒரு டிரம், அதாவது மை உருளை. அடுத்த நிறம் அதே தாளின் மேல் தனியாக விழ வேண்டும் என்பதால் துல்லியமாகப் பொருந்தாது. மை அடியில் இருப்பதை மறைக்காது என்பதால் நீலத்தின் மேல் மஞ்சள் விழுந்தால் பச்சை இலவசம். இது தெரிந்த டிசைனர் இரண்டே நிறங்களை எடுத்து, அடியில் உள்ள நிறத்தோடு மேல் நிறம் கலந்து தெரியும் ‘மல்டிப்ளை’ முறையில் வைத்து, மூன்றாவது நிறம் எங்கே பிறக்க வேண்டும் என்று முதலிலேயே திட்டமிடுவார். தெரியாதவர் பன்னிரண்டு நிறங்களில் வரைந்துவிட்டு மேலே சொரசொரப்பைத் தூவுவார். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் சட்டென்று தெரியும்.

மூலத்துக்குப் போவது இன்றைக்கு அப்படி ஒன்றும் கஷ்டமில்லை. நியூயார்க்கின் மெட் அருங்காட்சியகம் 2017இல் சுமார் 3,75,000 படங்களை யாரும் எதற்கும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது. ஸ்மித்சோனியன் 2020இல் 28 லட்சம் படங்களோடு அதையே செய்தது. ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியம் இதற்கெல்லாம் முன்பே, 2012இலேயே தொடங்கிவிட்டது. செடி கொடி, பூச்சி, பறவை என்று பழைய ஓவியத் தாள்கள் வேண்டுமென்றால் பயோடைவர்சிட்டி ஹெரிடேஜ் லைப்ரரி. எனக்கு அதிகம் பிடித்தது இதுதான். உள்ளே போனால் வெளியே வர மனசு வராது.

எடுத்து அப்படியே ஒட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. எர்ன்ஸ்ட் ஹெக்கல் என்ற ஜெர்மானிய உயிரியலாளர் கண்ணுக்குத் தெரியாத கடல் உயிரிகளின் கூடுகளை வரைந்தார். அதைப் பார்த்த கட்டடக் கலைஞர் ரெனே பினே, 1900ஆம் ஆண்டு பாரிஸ் உலகக் கண்காட்சியின் பெரிய நுழைவாயிலை அந்தக் கூட்டின் அமைப்பில் கட்டினார். ஒரு துறையில் பார்த்ததை இன்னொரு துறைக்குக் கொண்டுபோனார். லோகோ செய்ய லோகோவையே பார்த்துக்கொண்டிருந்தால் இது நடக்காது.

இன்ஃபோகிராஃபிக் செய்பவர்கள், புள்ளிவிவரங்களைச் சிறு உருவங்களால் காட்டும் ஐசோடைப் முறையின் பக்கம் கண்டிப்பாகப் போக வேண்டும். 1920களில் வியன்னாவில் ஓட்டோ நியூராத் தொடங்கியது. கெர்ட் ஆர்ன்ட்ஸ் அதற்காகச் சுமார் 4,000 குறியீடுகள் வரைந்தார். அவர்களின் விதி ஒன்று இன்றைக்கும் பலருக்குத் தெரியவில்லை. எண்ணிக்கை கூடினால் உருவத்தைப் பெரிதாக்காதே, அதே அளவு உருவத்தை அதிகம் அடுக்கு. இரண்டு மடங்கைக் காட்ட உருவத்தின் உயரத்தை இரட்டித்தால் அகலமும் இரட்டித்து, பரப்பு நான்கு மடங்காகிவிடும். பார்ப்பவர் ஏமாந்துபோவார்.

சரி, ட்ரெண்ட். தெரிந்துவைத்துக்கொள்ளலாம், ஓடிப்போய்ச் சேர வேண்டியதில்லை. 2018இல் பிரிட்டிஷ் ஃபேஷன் பிராண்டான பர்பெரி தன் லோகோவின் பழைய எழுத்தையும் குதிரை வீரனையும் விட்டுவிட்டு, தடித்த சான்ஸ் செரிஃப்புக்கு (முனைகளில் சிறு கோடுகள் இல்லாத எழுத்துக்கு) மாறியது. அந்த நேரத்தில் ஃபேஷன் பிராண்டுகள் வரிசையாக அப்படித்தான் மாறிக்கொண்டிருந்தன. பெயரை மறைத்தால் எது யாருடையது என்று சொல்ல முடியாத நிலை. 2023இல் பர்பெரி அந்தக் குதிரை வீரனையே திரும்பக் கூட்டிவந்தது. ஐந்து வருடத்துக்குள் போன வழியே திரும்பி வரும் செலவு அவர்களுக்குக் கட்டுப்படியாகும். உங்கள் கிளையண்டுக்கு?

டூல் பற்றி அதிகம் சொல்ல எதுவுமில்லை. எதில் கை ஓடுகிறதோ அதுதான் நல்லது. 2025 அக்டோபரிலிருந்து அஃபினிட்டி என்ற டிசைன் சாஃப்ட்வேர் இலவசம். இங்க்ஸ்கேப் எப்போதும் இலவசம். கிம்ப் 3.0இல் மூலப் படத்தைக் கெடுக்காமல் ஃபில்டர் போடும் வசதி வந்துவிட்டது, பழைய வெறுப்பை மறந்து ஒருமுறை பார்க்கலாம். நான் கவனிப்பது வேறொன்றை: ஃபைல் யார் கையில் இருக்கிறது? 2022இல் பான்டோன் நிறுவனத்தின் நிற நூலகங்கள் பல அடோபி சாஃப்ட்வேர்களிலிருந்து நீக்கப்பட்டபோது, சிலருடைய பழைய ஃபைல்களில் அந்த நிறங்கள் இருந்த இடமெல்லாம் கறுப்பாகிவிட்டது. நிறத்தைத் திரும்பப் பார்க்கத் தனியாகச் சந்தா. அதனால்தான் முடித்த வேலையை எஸ்விஜியாகவும் பிடிஎஃப்பாகவும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். நாளை எந்த நிறுவனம் என்ன முடிவெடுத்தாலும் அவை திறக்கும்.

ஏஐ பற்றி ஒரு வரி. படத்தின் பின்னணியை நீட்டவும், அதில் ஒழுங்கில்லாமல் தெரியும் கேபிளை அழிக்கவும் அருமையான உதவியாள். லோகோவை மட்டும் அதனிடம் விடாதீர்கள். முழுக்க இயந்திரமே உருவாக்கிய படத்துக்குப் பதிப்புரிமை (காப்பிரைட்) கிடையாது என்பதுதான் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்தின் நிலைப்பாடு. அப்படிப்பட்ட படத்தைக் கிளையண்டிடம் எந்த உரிமையோடு ஒப்படைப்பீர்கள்?

இப்போது எல்லோரும் கேட்பது கண்ணாடி எஃபெக்ட். 2025இல் ஆப்பிள் தன் திரைகளுக்கு லிக்விட் கிளாஸ் என்ற கண்ணாடித் தோற்றத்தைக் கொண்டுவந்ததும் அடுத்த வாரமே எல்லா மாக்கப்பும் (மாதிரி டிசைனும்) கண்ணாடியாகிவிட்டது. கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் படம் மாறிக்கொண்டே இருக்கும். மேலே உள்ள எழுத்து ஒரு நொடி தெரியும், மறுநொடி கரையும். சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1 கான்ட்ராஸ்ட் (வெளிச்ச வேறுபாடு) வேண்டும் என்று இணைய அணுகல் விதிகள் சொல்கின்றன. மிக வெளிர்ந்த படத்தையும் மிக இருண்ட படத்தையும் பின்னால் வைத்து இரண்டிலும் அளந்து பாருங்கள். தேறாவிட்டால் கண்ணாடியின் மேல் கொஞ்சம் நிறம் ஏற்றுங்கள். ஆப்பிளே சில மாதங்களில், ஐஓஎஸ் 26.1இல், அந்த ஒளிபுகும் தன்மையைக் குறைக்கும் ஒரு தேர்வைச் சேர்த்துவிட்டது.