கானாவின் கற்சாடிகள்

இயேசு தண்ணீரைத் திராட்சரசமாக்கிய கானா ஊர்க் கல்யாணத்தைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டாகிவிட்டது. எல்லாரும் நேராகத் திராட்சரசத்துக்கு ஓடிவிடுகிறார்கள். சாடிப் பக்கம் யாரும் நிற்பதில்லை. யூதர்கள் தங்களைச் சுத்திகரிக்கத் தண்ணீர் வைத்த ஆறு சாடிகள், ஆறும் கற்சாடிகள் என்று யோவான் 2:6 சொல்கிறது. மண்பானை மலிவாகக் கிடைக்கும்போது கல்லை ஏன் குடையவேண்டும்?

தீட்டுதான் காரணம். செத்த எலியோ பல்லியோ மண்பாண்டத்துக்குள் விழுந்தால் பாண்டத்தை உடைத்துவிடு என்கிறது லேவியராகமம் 11. கல்லில் தீட்டு ஒட்டாது என்பது அந்தக் கால யூதர்களின் கணக்கு. 2017-இல் நாசரேத்துக்குப் பக்கத்தில் ரெய்னா என்ற இடத்தில் ஒரு பட்டறையையே தோண்டியெடுத்தார்கள். சுண்ணாம்புக்கல் குகை; குவளையின் உள்பக்கத்தைக் கடைந்தபோது கழன்று விழுந்த உருளைக் கல் துண்டுகள் குவியல் குவியலாக. கலிலேயாவின் சாதாரணக் கிராமத்துச் சனங்கள் வாங்கிய பாத்திரங்கள் இவை. சுத்தம் பார்த்தது எருசலேம் ஆசாரியர்கள் மட்டும் இல்லை.

எனக்கு எரிச்சல் வருவது இங்கேதான். தீட்டு என்றால் பாவம், அதைப் பார்த்தவன் வெளிவேஷக்காரன் என்று மேடையில் ஒரே போடாகப் போட்டுவிடுகிறோம். பிள்ளை பெற்றவளுக்குத் தீட்டு. அப்பாவை அடக்கம் செய்த மகனுக்கு ஏழு நாள் தீட்டு. இதில் எது பாவம்? இரண்டும் செய்தே ஆகவேண்டியவை. பல தீட்டுகள் குளித்து, பொழுது சாய்ந்தால் போய்விடும். தமிழ் பைபிளில் அந்தச் சொல்லைப் படித்ததுமே நமக்கு நம்மூர்ச் சாதித் தீட்டு ஞாபகம் வருகிறது. அது தண்ணீரில் போகாது என்று வைத்திருந்தார்கள். பைபிளிலோ பிரதான ஆசாரியனுக்கும், அதாவது தலைமைக் குருவுக்கும், தீட்டு வரும், அவனும் குளிக்கத்தான் வேண்டும்.

இயேசுவின் சீடர்கள் கைகழுவாமல் சாப்பிட்டதாகப் பரிசேயர்கள் என்ற யூதப் பிரிவினர் கிளப்பிய தகராறும் (மாற்கு 7) யூதர்களுக்குள்ளேயே நடந்தது. யாத்திராகமம் 30 கைகால் கழுவச் சொன்னது ஆசாரியர்களுக்கு. எல்லாருக்கும் அது வேண்டுமா என்பதுதான் அங்கே கேள்வி.

கிறிஸ்தவர்களும் தண்ணீர்க் கணக்கை விட்டுவிடவில்லை. ‘திதாகே’ என்ற பழைய சபை ஒழுங்கு நூலைப் பாருங்கள்: ஞானஸ்நானத்துக்கு ஓடுகிற தண்ணீர், இல்லையா, வேறு தண்ணீர், குளிர்ந்தது முடியாதா, வெந்நீர், அதுவும் போதாதா, தலையில் மூன்று தரம் ஊற்று. யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னாவும் இப்படித்தான் தண்ணீரைத் தரம் பிரிக்கிறது. அங்கேயும் ஊற்றுநீருக்குத்தான் முதலிடம்.

சரி, சாடிக்கு வருவோம். ஒன்றுக்கு 80 முதல் 120 லிட்டர் பிடிக்கும். நிரப்பச் சொன்னதும் வேலைக்காரர்கள் விளிம்புவரை நிரப்பினார்கள் என்று இருக்கிறதே, அப்படியானால் அவை அப்போது நிறைந்திருக்கவில்லை. ரசம் தீருவதற்கு முன்பே, வந்த சனம் கைகழுவித் தண்ணீரைக் காலி பண்ணியிருக்கும் என்பது என் ஊகம்.