ஆயாவுக்கு விரதம், முறுக்குக்கு இல்லை

"ரெண்டு நாள் பட்டினி போடு, பச்சைக்கறியைத் தானா தின்னும்." முறுக்கு எங்கள் வீட்டு ஃபெர்ரட், கீரி மாதிரி இருக்கும் கறிதின்னி வளர்ப்புப் பிராணி. அவனை உலர் தீனியிலிருந்து வேகாத கறிக்கு மாற்றுவதைப் பற்றி யாரிடம் பேசினாலும் இந்த யோசனைதான் வருகிறது. சொல்பவர்கள் நல்லவர்கள்தான். ஆனால் இந்த ஒரு யோசனையைக் கேட்டாலே எனக்குக் கோபம் வருகிறது.

ஃபெர்ரட்டுக்குக் குடல் குட்டை. தின்றது மூன்று நான்கு மணி நேரத்தில் வெளியே வந்துவிடும். அதனால் நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொறித்துக்கொண்டே இருக்கும். நடுவயதைத் தாண்டிய ஃபெர்ரட்டுகளுக்குக் கணையத்தில் கட்டி வருவது சாதாரணம். அது இருப்பது தெரியாமல் பட்டினி போட்டால் சர்க்கரை இறங்கி, எச்சில் ஒழுகி, பின்னங்கால் துவண்டு விழுந்துவிடும். பிடிவாதத்தை உடைக்கிறேன் என்று உயிரோடு விளையாடக் கூடாது.

அது பிடிவாதமும் இல்லை. குட்டியாக இருந்த முதல் சில மாதங்களில் எந்த வாசனை பழகியதோ, அதுதான் அதற்குச் சாப்பாடு. முறுக்கு எங்களிடம் வந்தபோது இரண்டு வயது, அதுவரை தின்றது ஒரே வகை உலர் தீனி. கோழித்துண்டை வைத்தேன். செருப்பைப் பார்ப்பதுபோலப் பார்த்தான்.

அப்புறம் வழிக்கு வந்தது கஞ்சியால். பழைய தீனியைப் பொடித்து, வெந்நீரில் கரைத்து, அதில் அரை ஸ்பூன் பச்சைக் கோழிக் கொத்துக்கறி. வெதுவெதுப்பாக இருந்தால்தான் வாசனை எழும். விரல் நுனியில் தொட்டு உதட்டில் தடவினால், துடைக்கிற சாக்கில் நக்கிவிடுவான். உலர் தீனியும் பக்கத்தில் எப்போதும் இருந்தது. தினமும் அவனைச் சமையலறைத் தராசில் எடை பார்த்தேன். கறியைக் கூட்டித் தீனியைக் குறைத்து, இருதயத் துண்டுக்கு வந்து, கோழிக் கழுத்தைக் கடைவாயில் வைத்து நொறுக்க ஏழு வாரம் ஆனது. அந்தச் சத்தம் இருக்கிறதே, அடடா!

ஒன்று மட்டும்: வெறும் சதை போதாது. நூற்றுக்கு 80 பங்கு சதை, 10 எலும்பு, 5 ஈரல், 5 மற்ற உறுப்புகள் என்பது பலரும் வைத்திருக்கும் கணக்கு. டாரின் என்ற, இறைச்சியில் கிடைக்கும் சத்துக்காக இருதயத்தைச் சதைக் கணக்கில் சேர்க்கிறேன். எலும்பு பச்சையாகத்தான் இருக்க வேண்டும், வெந்தது சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும்.

இதெல்லாம் முடிந்தபோது புரட்டாசி வந்தது. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் எங்களைப் போன்ற வீடுகளில் அதற்கு முன்பே பாத்திரம், ஃபிரிட்ஜ் எல்லாம் கழுவியாகிவிடும். ஒரு மாதம் கறி கிடையாது. மாதம் முழுக்க அவனைப் பழைய தீனிக்குத் திருப்பிவிடு என்றாள் அம்மா. ஏழு வார உழைப்பு! நான் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் கராஜில் ஒரு சின்ன ஃபிரீசர், தனிக் கத்தி, தனிப் பலகை என்று முடிவானது. முறைவைத்து மின்சாரத்தை நிறுத்திய லோட் ஷெடிங் காலத்தில் இதைச் செய்திருந்தால் பாதிக் கறி குப்பைக்குத்தான் போயிருக்கும்.

மறந்த விஷயம், ஃபெர்ரட் மீதியை ஒளித்துவைக்கும். மூன்றாம் சனிக்கிழமை காலை ஆயா பூஜைக்குக் கிளம்பிச் செருப்பில் கால் நுழைத்தார். உள்ளே ஒரு கோழிக் கழுத்து.

வீடே அமைதியானது. ஆயா செருப்பைத் தூக்கி என் கையில் கொடுத்துவிட்டு, மறுபடி குளிக்கப் போனார். கதவைச் சாத்தும்முன், "அவனுக்கு ஏதுடா புரட்டாசி, நீ முதல்ல கராஜ் கதவைச் சாத்து" என்றார்.