"சும்மாதான் இருக்கேன் தம்பி"

எம்ஏ சோசியாலஜி ரெண்டாம் வருஷம். ரிசர்ச் மெத்தட்ஸ் பேப்பர்ல இன்டர்வியூ, கொஸ்டினர், அப்சர்வேஷன்னு நடத்துனப்போ, இதெல்லாம் ஒரு பாடமாய்யா, போய் கேட்டா சொல்லப்போறாங்கன்னு கடைசி பெஞ்சுல தூங்குனவன்தான் நான்.

ப்ராஜெக்ட்டுக்கு தென்காசி பக்கம் ஒரு ஊர்ல சர்வே. என் கொஸ்டினர்ல அஞ்சாவது கேள்வி, "நீங்கள் வேலை பார்க்கிறீர்களா?" ஆம், இல்லை, டிக் அடிச்சா முடிஞ்சுது. முத வீட்ல ஒரு அக்கா திண்ணைல உக்காந்திருக்காங்க, மடியில சொளவு, அதுல வெட்டுன இலை, தூளு, நூலு, கை பாட்டுக்கு பீடி சுத்திக்கிட்டே இருக்கு. கேட்டேன். "வேலைக்கெல்லாம் போவல தம்பி, சும்மாதான் இருக்கேன்." நானும் சமத்தா "இல்லை"ல டிக் அடிச்சிட்டு அடுத்த வீட்டுக்கு போயிட்டேன். அன்னிக்கு 22 வீடு, அதுல 19 வீட்ல பொம்பளைங்க "சும்மா" இருக்காங்க.

சாயங்காலம் கைடு மேடம் ஃபார்மையெல்லாம் புரட்டிட்டு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க, "அப்போ அந்த ஊர்ல பீடி யாருப்பா சுத்துறா?"

அப்புறம்தான் 2019ல மத்திய அரசு எடுத்த டைம் யூஸ் சர்வேய படிக்கச் சொன்னாங்க. முந்தின நாள் காலைல 4 மணில இருந்து அன்னிக்கு காலைல 4 மணி வரைக்கும் என்ன பண்ணீங்கன்னு அரை அரை மணியா கேட்டு எழுதிருக்காங்க. சம்பளமில்லாத வீட்டு வேலை செய்றவங்கள்ல பெண்கள் ஒரு நாளைக்கு சராசரியா 299 நிமிஷம், ஆம்பளைங்க 97. "வேலை பாக்குறீங்களா"ன்னு கேட்டா இந்த 299 வருமா? சாப்பாட்டு செலவு கேக்குறதுலயும் இதே கூத்துதான், 1999-2000ல மத்திய அரசோட தேசிய மாதிரி ஆய்வுல (என்எஸ்எஸ்) போன 30 நாள்ல எவ்வளவு, 7 நாள்ல எவ்வளவுன்னு ஒரே ஆள்கிட்ட பக்கத்து பக்கத்துல கேட்டு வச்சு, ஒரு பதில் இன்னொண்ண இழுத்திருக்குமேன்னு அந்த கணக்குல வந்த வறுமை நம்பரை நம்பலாமா கூடாதான்னு பொருளாதார நிபுணர்கள் வருஷக்கணக்கா சண்டை போட்டாங்க.

என் பேட்ச்ல பாதி பேரு வாட்ஸ்அப் குரூப்ல "ஃப்ரெண்ட்ஸ் ப்ளீஸ், 2 நிமிஷம்தான்"னு கூகுள் ஃபார்ம் போட்டே டேட்டா கலெக்ஷனை முடிச்சிட்டாங்க, எனக்கு அதுல பொறாமையும் உண்டு கடுப்பும் உண்டு. அந்த திண்ணை அக்கா எந்த குரூப்லப்பா இருக்காங்க?

மறுபடி போனேன். "என்ன தம்பி, டிக்கு பத்தலையா?"ன்னு சிரிச்சாங்க. நேத்து எந்திரிச்சதுல இருந்து சொல்லுங்கக்கான்னேன். ராத்திரியே நனைச்சு வச்ச இலைய வெட்டுனது, தண்ணி பிடிச்சது, சோறு பொங்குனது, நடுவுல நடுவுல சுத்துனதே 700 பீடி. உள்ள இருந்து வீட்டுக்காரர் வேற, "அவளுக்கு என்ன தெரியும், என்கிட்ட கேளுங்க"ன்னு ஒரே சத்தம். அக்கா கண்டுக்கவே இல்ல.

7 மணிக்கு என்னக்கா பண்ணீங்கன்னா, "பீடி சுத்திக்கிட்டே பயலுக்கு வாய்ப்பாடு கேட்டேன்"ங்கிறாங்க. என் ஷீட்ல அரை மணிக்கு ஒரு கட்டம்தான் இருக்கு. ரெண்டையும் பென்சில்ல நெருக்கி எழுதி வச்சிருக்கேன், வைவால கேட்டா பாத்துக்கலாம்.