சிட்டியை விடுங்க, ரிப்பேர் மெஷினைப் பாருங்க

ஏஐ பற்றிப் பேச்சு எடுத்தாலே நம்மாட்கள் நேராக ‘எந்திரன்’ படத்து ரோபோ சிட்டியிடம் போய் நிற்கிறார்கள். ஆபீஸ் கேன்டீனிலும் அதே கதை, ஃபேமிலி குரூப்பிலும் அதே கதை. சிவப்பு சிப்பைச் சொருகினால் ரோபோ எகிறிவிடும், நூற்றுக்கணக்கில் சேர்ந்து பந்தாக உருண்டு வரும், நாம் காலி. 2010இல் ‘எந்திரன்’ வந்தபோது தியேட்டரில் நானும் விசில் அடித்தேன், இப்போது டிவியில் போட்டாலும் உட்கார்ந்து பார்ப்பேன். ஆனால் மெஷின் நம்மை எதிர்த்துக் கிளம்பும் என்கிற பயம் கொஞ்சம் சௌகரியமான பயம். அதில் நாம் அப்பாவி, பழியெல்லாம் அதன் தலையில்.

என்னைக் கேட்டால், நம்மைச் சரியாகப் படம் பிடித்தவை மெஷின் கடைசிவரை சொன்ன பேச்சைக் கேட்கிற கதைகள்தான்.

1909இல் ஈ.எம்.ஃபார்ஸ்டர் எழுதிய ‘தி மெஷின் ஸ்டாப்ஸ்’ கதையைத் தேடிப் படியுங்கள். மெட்ராஸில் டிராம் ஓடிக்கொண்டிருந்த காலம், ரேடியோ ஒலிபரப்புகூட வரவில்லை. அதில் மனிதர்கள் பூமிக்கு அடியில் ஆளுக்கொரு அறையில் இருக்கிறார்கள். பட்டனை அழுத்தினால் சாப்பாடு, குளியல், பாட்டு, படுக்கை. வாஷ்டி என்கிற அம்மா அறையை விட்டு நகராமல் ஊருக்கெல்லாம் லெக்சர் கொடுக்கிறாள். உலகத்தின் மறுபக்கம் இருக்கிற மகன் தட்டு மாதிரி ஒரு திரையில் வந்து, ‘நேரில் வாம்மா’ என்கிறான். அவளுக்குப் புரியவே இல்லை. இதோ பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம், இன்னும் நேரில் எதற்கு?

வீடியோ காலை அன்றே சொல்லிவிட்டார் என்று இதைப் பகிர்கிறவர்கள் உண்டு. எனக்கு அது பெரிய விஷயமில்லை. கதையின் கடைசிப் பகுதியில் மெஷின் கொஞ்சம் கொஞ்சமாகக் கோளாறு ஆகிறது. பாட்டுக்கு நடுவே கரகரப்பு, குளிக்கிற தண்ணீரில் நாற்றம். முதலில் எல்லாரும் புகார் கொடுக்கிறார்கள். பதில் வருவதில்லை. பிறகு அந்தக் கரகரப்பும் பாட்டோடு சேர்ந்ததுதான் என்று பழகிவிடுகிறார்கள். கடைசியில் ஒருநாள் தெரியவருகிறது, எல்லாவற்றையும் ரிப்பேர் செய்கிற கருவியே ரிப்பேர்.

2024 ஜூலை 19 ஞாபகம் இருக்கிறதா? கம்ப்யூட்டர்களைப் பாதுகாப்பதற்கென்றே இருக்கிற கிரௌட்ஸ்ட்ரைக் மென்பொருளுக்கு ஒரு அப்டேட் வந்தது. அந்த அப்டேட்தான் உலகம் முழுக்க விண்டோஸ் கம்ப்யூட்டர்களைப் படுக்கவைத்தது. மைக்ரோசாஃப்ட் சொன்ன கணக்கே சுமார் 85 லட்சம். மீனம்பாக்கத்திலும் விமானங்கள் தாமதம். நம் நாட்டு விமான நிலையங்கள் சிலவற்றில் போர்டிங் பாஸைப் பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள். பெரும்பாலான இடங்களில் ஆட்கள் ஒவ்வொரு கம்ப்யூட்டராகப் போய் உட்கார்ந்து, சேஃப் மோடில் திறந்து, அந்த ஒரு ஃபைலை அழிக்க வேண்டியிருந்தது. எந்த ரோபோவும் கோபப்படவில்லை. சொன்னதைச் சொன்னபடி செய்தன, அவ்வளவுதான்.

அந்தப் பழகிப்போகிற விஷயத்துக்கு ஏர்போர்ட் வரை போக வேண்டாம், எங்கள் தெரு ரேஷன் கடைக்கு வாருங்கள். போன மாதம் எனக்கு முன்னால் ஒரு பாட்டி. வீட்டுவேலை செய்து ரேகை தேய்ந்த விரல். மெஷினில் வைத்தார், விழவில்லை. புடவையில் துடைத்து வைத்தார், விழவில்லை. கடைக்காரர் ஒரு ஈரத் துணியைக் கொடுத்து, “கட்டை விரல் வேணாம் பாட்டி, நடு விரல வைங்க” என்றார். அதுவும் இல்லை. போனுக்கு ஓடிபி அனுப்பலாமென்றால் கொடுத்திருப்பது மகன் நம்பர், மகன் ஒரகடத்தில் ஷிப்டில். பாட்டி நிமிர்ந்து, “ஏம்பா, என்னை உனக்குத் தெரியாதா?” என்றார். அவர், “எனக்குத் தெரியும் பாட்டி. இது ஒத்துக்கணுமே” என்று மெஷினைக் காட்டினார். வரிசையில் நின்ற யாருக்கும், எனக்கும்தான், இதில் ஆச்சரியமே இல்லை. “நாளைக்குக் காலைல சீக்கிரம் வாங்க, சர்வர் ஃப்ரீயா இருக்கும்” என்று ஒரு அக்கா யோசனை சொன்னார். பாட்டுக்கு நடுவே கரகரப்பு.

மெஷினே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. மழையில் நின்று ஆட்டோக்காரரோடு பேரம் பேசிய மெட்ராஸ் எனக்குத் திரும்ப வேண்டாம். ‘சில்லறை இல்ல சார்’ என்று சாக்லேட்டைக் கையில் திணித்த காலமும் வேண்டாம்.

ஆனால் எதைக் கையிலிருந்து விடுகிறோம் என்று பார்த்து விடலாமே. ஐசக் அசிமோவ் 1958இல் எழுதிய ‘தி ஃபீலிங் ஆஃப் பவர்’ சிறுகதையில், எல்லாக் கணக்கையும் கம்ப்யூட்டரிடம் கொடுத்துவிட்டு மனிதர்கள் பெருக்கலையே மறந்துவிட்டார்கள். ஒரு சாதாரண டெக்னீஷியன் பேப்பரில் பெருக்கிக் காட்டுகிறார். தளபதிகள் அசந்துபோகிறார்கள். அப்புறம் அவர்கள் போடுகிற திட்டம்தான் கொடுமை: கம்ப்யூட்டர் விலை அதிகம், மனிதன் மலிவு, ஏவுகணைக்குள் மனிதனை உட்காரவைத்துக் கணக்குப் போடச் சொல்லலாமே! படித்தபோது சிரித்தேன். இப்போது எங்கள் ஃப்ளாட் குரூப்பைப் பார்த்தால் சிரிப்பு வருவதில்லை. மூன்றாவது மாடிப் பெரியவர் காலமானதற்கு ஒருவர் ஏஐயிடம் வாங்கி அப்படியே போட்ட இரங்கல் செய்தியின் முதல் வரி: ‘நிச்சயமாக! இதோ உங்களுக்கான உருக்கமான இரங்கல் செய்தி.’ அதற்குக் கீழே வரிசையாகக் கைகூப்பிய எமோஜிகள்.

சுஜாதாவைச் சொல்லாமல் முடித்தால் அடிக்க வருவீர்கள். பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் (பெல்) நிறுவனத்தில் இன்ஜினியர், மின்னணு வாக்குப்பதிவு இயந்திர உருவாக்கத்தில் பங்கு உள்ளவர். எண்பதுகளில் விகடனில் தொடராக வந்த ‘என் இனிய இயந்திரா’ கதை நடப்பது 2020களின் தொடக்கத்தில். அந்தக் காலமும் வந்து போய்விட்டது. எல்லாரும் ஜீனோ என்கிற ரோபோ நாயைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்கு ஜீவாதான் முக்கியம். நாடே கும்பிடுகிற தலைவர் வெறும் ஹோலோகிராம் பிம்பம், பின்னால் இருந்து ஆட்டிவைப்பவர்கள் வேறு. (நாற்பது வருஷத்துக் கதை, ஸ்பாய்லர் என்று சண்டைக்கு வராதீர்கள்.) 2024 ஜனவரியில் ஒரு புத்தக வெளியீட்டு விழாத் திரையில் ஏஐ உருவாக்கிய கலைஞர் கருணாநிதி தோன்றி வாழ்த்துரை வழங்கினார். அடுத்த மாதமே அந்தப் பக்கம், அதிமுகவில், ஜெயலலிதாவின் குரல் ஏஐயில் வந்தது. இரண்டு கட்சிக்காரர்களும் கண் கலங்கினார்கள். அந்த வார்த்தைகளை எழுதியது யார் என்று கேட்டவர்கள் சொற்பம்.

யாராவது சினிமாக்காரர் இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் சமயத்து வேளச்சேரி, பள்ளிக்கரணையை எடுத்துக்கொள்ளுங்கள். கரண்ட் இல்லை, டவர் இல்லை, லிஃப்ட் பாதியில் நிற்கிறது, மோட்டார் ஓடாததால் குழாயில் தண்ணீர் இல்லை. அக்கவுண்ட்டில் லட்சம் இருக்கிறவர் பால் பாக்கெட்டுக்குக் கையில் காசில்லாமல் நிற்கிறார். அம்மா நம்பர் யாருக்கும் மனப்பாடம் இல்லை. கிராபிக்ஸ் செலவே கிடையாது. வில்லன் யார் என்று தயாரிப்பாளர் கேட்பார், அங்கேதான் கதை நிற்கும்.