சனிக்கிழமை துக்கம் விசாரித்தவர்களுக்கு

சனிக்கிழமை பாட்லக்கில் (ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் விருந்தில்) நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். மனைவியை அடித்துத் தண்டனை பெற்ற ஒருவருக்குக் கடையில் துப்பாக்கி விற்க மறுத்துவிட்டார்களாம், அதற்கு எல்லாரும் அவரிடம் துக்கம் விசாரித்தார்கள். வந்திருந்தவர்களுக்குத் தெரியும், வராதவர்களுக்கு இந்நேரம் வாட்ஸ்அப்பில் போய்ச் சேர்ந்திருக்கும். ஆனால் அன்று ராத்திரியிலிருந்து எனக்கு வருகிற செய்திகளைப் பார்த்தால், ஏதோ ஒருவர் சோற்றில் நான் மண்ணை அள்ளிப் போட்டுவிட்ட மாதிரி இருக்கிறது. "அவரே நொந்து போயிருக்கிறார், நீங்கள் எல்லார் முன்னாலும் அப்படிப் பேசியிருக்க வேண்டாம்." எப்படிப் பேசினேன்? பெண்டாட்டியை அடித்தவர் கையில் துப்பாக்கி இருக்கக் கூடாது என்றேன். சத்தம் கூடப் போடவில்லை. கையில் தயிர்சாதத் தட்டோடு நின்றபடி சொன்னேன்.

இன்னொரு முறையும் சொல்கிறேன். அடித்தவர் கையில் துப்பாக்கி இருக்கக் கூடாது.

அவர் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்வோம். குடும்ப வன்முறை வழக்கில் மிஸ்டிமீனர், அதாவது சிறு குற்றம் என்ற வகையில், தண்டனை. டெக்சாஸ் சட்டப்படி, தண்டனை முடிந்ததிலிருந்து ஐந்து வருஷத்துக்குத் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது. ஐந்து வருஷம் ஓடிவிட்டது, இனிமேல் பிரச்சினையில்லை என்று கடைக்குப் போயிருக்கிறார். அங்கே 4473 என்று ஒரு மத்திய அரசுப் படிவம் கொடுப்பார்கள். குடும்ப வன்முறை மிஸ்டிமீனரில் எப்போதாவது தண்டனை பெற்றதுண்டா என்று அதில் நேராகவே கேட்டிருக்கும். "ஆமாம்" என்று டிக் அடித்திருக்கிறார். கடைக்காரர் படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பொய் சொல்லாமல் டிக் அடித்தாரே, அதற்கு என் மரியாதை உண்டு. பொய் சொல்லியிருந்தால் அது தனியாக ஒரு ஃபெலனி, அதாவது பெருங்குற்றம்.

மாநிலச் சட்டத்தில்தான் ஐந்து வருஷம். மத்தியச் சட்டத்தில் வருஷக் கணக்கே கிடையாது. தண்டனை ரத்தாக வேண்டும், அல்லது மன்னிப்பு கிடைக்க வேண்டும், அல்லது உரிமையை முறைப்படி திரும்பப் பெற வேண்டும். அதுவரை துப்பாக்கியும் கூடாது, ஒரு தோட்டாவும் கூடாது. இது அவருக்குத் தெரியவில்லை. வக்கீலுக்கு ஆயிரக்கணக்கில் டாலர் கொடுத்தவருக்கு இதை யாரும் சொல்லவில்லை என்றால் அந்தக் கோபம் நியாயம்தான். அதை வக்கீலிடம் போய்க் காட்டட்டும்.

அங்கே நடந்தது கோபம் இல்லை, துக்கம் விசாரிப்பு. ஒருவர் தோளைத் தட்டுகிறார். ஒருவர் கேசரி கொண்டுவந்து கொடுக்கிறார். "சின்னக் கேஸ்தானே அண்ணே, இதுக்குப் போய் ஆயுசுக்குமா?" என்கிறார் இன்னொருவர். அத்தனை பேரில் ஒருவராவது, ஒரே ஒருவராவது, அந்தப் பெண் இப்போது எங்கே இருக்கிறார், எப்படி இருக்கிறார் என்று கேட்டீர்களா? எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது அங்கேதான்.

சின்னக் கேஸ் எப்படிச் சின்னக் கேஸ் ஆகிறது என்று எனக்குக் கொஞ்சம் தெரியும். எனக்கு வேண்டிய ஒரு பெண்ணோடு கோர்ட் வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறேன். சனிக்கிழமை ஆளின் கதை இல்லை இது. வேறு ஊர், வேறு வருஷம். அவளை அடையாளம் காட்டும் எதையும் எழுத மாட்டேன். டெக்சாஸ் வெயிலில், மே மாதத்தில், கழுத்து வரை ஏறிய ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வந்தாள். கழுத்தை நெரிப்பது இங்கே மூன்றாம் நிலை ஃபெலனி, பத்து வருஷம் வரை போகலாம். வழக்கும் அப்படித்தான் தொடங்கியது.

அப்புறம் என்ன ஆனது? ஊரிலிருந்து அவள் அம்மா போன் பண்ணினார். மாமியார் பண்ணினார். கணவரின் நண்பர்கள், ரொம்ப நல்லவர்கள், வீட்டுக்கே வந்து பேசினார்கள். அவருக்கு வேலை போனால் வாடகை யார் கட்டுவது, அவள் விசா என்ன ஆகும், குழந்தையின் பள்ளிக்கூடம் என்ன ஆகும். அவள் சாட்சி சொல்ல வரமாட்டேன் என்றாள். சாட்சி இல்லாத வழக்கை வைத்துக்கொண்டு அரசு வக்கீல் என்ன செய்வார்? கிடைத்ததை வாங்கிக்கொண்டார். ஃபெலனி இறங்கி 'கிளாஸ் ஏ' மிஸ்டிமீனர் ஆனது. உச்ச தண்டனையே ஒரு வருஷம் கவுண்டி ஜெயில், நாலாயிரம் டாலர் அபராதம். அதுவும் முழுசாக வராது. வராந்தாவில் இரண்டு வக்கீல்கள் நின்றபடியே பேசி முடித்தார்கள். கழுத்தில் இருந்த விரல் தடம் அப்படியேதான் இருந்தது, காகிதத்தில் மட்டும் கேஸ் சின்னதாகிவிட்டது.

அந்த வீட்டுத் துப்பாக்கி எங்கே இருந்தது தெரியுமா? ஃபிரிட்ஜுக்கு மேலே இருக்கிற அலமாரியில், முறுக்கு அச்சுக்குப் பக்கத்தில். அவர் அதை அவள் பக்கம் நீட்டியதே இல்லையாம். சண்டை வந்த மறுநாள் எடுத்துச் சாப்பாட்டு மேசையில் வைத்துத் துடைப்பாராம். துடைத்துவிட்டுத் திரும்பவும் மேலே வைத்துவிடுவாராம். இதற்கு எந்தச் செக்‌ஷனில் கேஸ் போடுவீர்கள்?

இதற்காக வந்ததுதான் அந்த மத்தியச் சட்டம். ஃபெலனி தண்டனை பெற்றவர்களிடமிருந்து 1968-லேயே துப்பாக்கியை எடுத்துவிட்டார்கள். ஆனால் வீட்டுக்குள் அடிக்கிறவர்கள் பெரும்பாலும் ஃபெலனி வரைக்கும் போவதே இல்லை, நான் மேலே சொன்ன வழியில் கீழே இறங்கிவிடுகிறார்கள். நியூ ஜெர்சி செனட்டர் ஃபிராங்க் லாட்டன்பெர்க் 1996-ல் அந்த ஓட்டையை அடைத்தார். போலீஸ்காரர், ராணுவ வீரர் யாருக்கும் விலக்கு கிடையாது. டியூட்டித் துப்பாக்கியைக் கூடத் தொட முடியாது. ராணுவச் சிப்பாய்க்கே இல்லாத சலுகை நம் ஐடி அண்ணன்களுக்கு வேண்டுமாம்.

இப்போது "ஆனால்" என்று தொடங்கப் போகிறவர்களுக்கு.

அரசியலமைப்பு உரிமை, துப்பாக்கி வைத்திருக்க உரிமை தரும் இரண்டாவது திருத்தம் என்பீர்கள். 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தில் இதே சட்டத்தைப் பற்றிய வொய்சின் வழக்கு விசாரணை. பத்து வருஷமாக விசாரணையில் வாயே திறக்காத நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ் அன்றைக்குத்தான் திறந்தார். ஒரு மிஸ்டிமீனருக்காக அரசியலமைப்பு உரிமை பறிபோகிற வேறு ஏதாவது இடம் இருக்கிறதா என்று கேட்டார். நல்ல கேள்விதான், சட்டம் படிப்பவர்கள் இன்றைக்கும் அதைப் பேசுகிறார்கள். ஆனால் தீர்ப்பு 6-2, அவர் தோற்ற பக்கம். அந்த வொய்சின் யார்? மெய்ன் மாநிலத்தில் காதலியை அடித்துத் தண்டனை பெற்றவர். சில வருஷம் கழித்து ஒரு வெண்தலைக் கழுகைச் சுட்ட விவகாரத்தை விசாரிக்கப் போனபோதுதான் அவரிடம் ரைஃபிள் இருப்பதே தெரிய வந்தது. கழுகுக்காவது விசாரிக்க ஆள் வந்தது.

2024-ல் ரஹீமி வழக்கு. அது தண்டனை பற்றியது இல்லை, நீதிமன்றத் தடையுத்தரவு இருக்கும்போது துப்பாக்கி வைத்திருப்பது பற்றியது. தடை செல்லும் என்று 8-1. அந்த ஒருவர் யாரென்று சொல்ல வேண்டியதில்லை.

பென்சில்வேனியா பிரயன் ரேஞ்ச் கதையை ஒருவர் எனக்கு நீளமாக அனுப்பியிருக்கிறார். 1995-ல் உணவு உதவி வாங்குவதற்காக வருமானத்தைக் குறைத்துக் காட்டினார், 2,458 டாலர் திருப்பிக் கட்டினார், ஒரு நாள் கூட ஜெயிலில் இல்லை. அந்த மாநிலத்தில் அது ஐந்து வருஷம் வரை தண்டனை தரக்கூடிய மிஸ்டிமீனர். இரண்டு வருஷத்துக்கு மேல் தண்டனை தரக்கூடிய மாநில மிஸ்டிமீனர் என்றால், மத்தியச் சட்டம் அதை ஃபெலனி மாதிரிதான் பார்க்கும். துப்பாக்கி உரிமை போனது. சரி, அது அநியாயம். மேல்முறையீட்டு நீதிமன்றமும் 2023-ல் ஒரு முறை, 2024-ல் இன்னொரு முறை அவர் பக்கம்தான் தீர்ப்பு சொன்னது. எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் அவர் யாரையும் அடிக்கவில்லை ஐயா. மூன்று குழந்தைகளை வைத்துக்கொண்டு சாப்பாட்டுக்குத் தில்லுமுல்லு செய்த மனிதரின் முதுகுக்குப் பின்னால் நம் ஆளைக் கொண்டுபோய் ஒளித்து வைக்காதீர்கள்.

காதலியை அடித்தவனுக்கு ஐந்து வருஷத்தில் உரிமை திரும்புகிறது, கணவனுக்கு மட்டும் ஆயுசுக்குமா என்று ஒரு தம்பி கேட்டார். 2022-ல் வந்த மத்தியச் சட்டத்தைப் படித்திருக்கிறார், சந்தோஷம். சேர்ந்து வாழாமல் வெறுமனே பழகியவர்கள், முதல் தடவை என்றால் மட்டும் அந்த ஐந்து வருஷம். ஆமாம், எனக்கும் அது பிடிக்கவில்லை. அவனுக்கும் ஆயுசுக்கும் ஆக்கிவிடலாம், சமமாகிவிடும்.

நடிகர் மெல் கிப்சனுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார்களே! ஆமாம், கொடுத்தார்கள். முன்னாள் காதலியை அடித்த வழக்கில் 2011-ல் மிஸ்டிமீனர். 2025-ல் மத்திய அரசின் நீதித்துறை உரிமையைத் திருப்பித் தந்தது. பரிந்துரை செய்ய மறுத்தேன், அதன் பிறகு வேலை போனது என்று அந்தத் துறையின் மன்னிப்பு விவகார அதிகாரியாக இருந்த எலிசபெத் ஓயர் வெளிப்படையாகவே சொன்னார். துறை அதை மறுத்தது. நம் ஊர்க்காரர் ஹாலிவுட்டில் நாலு படம் எடுத்துவிட்டு மனுப் போடட்டும், பார்க்கலாம்.

பொய்க் கேஸ். வருவீர்கள் என்று தெரியும். இதற்கு நான் நீளமாகப் பதில் சொல்லப் போவதில்லை. வக்கீல் வைத்துக்கொள்ளும் உரிமையும், ஜூரி கேட்க உரிமை உள்ள இடத்தில் அந்த உரிமையும் மதிக்கப்பட்டிருக்க வேண்டும், அல்லது அவரே தெரிந்து விட்டுக்கொடுத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தத் தண்டனையை இந்தச் சட்டம் கணக்கிலேயே எடுக்காது. அதற்கு மேலும் பொய் என்பவர்கள் ஒரு கோர்ட் வராந்தாவில் அரை நாள் உட்கார்ந்து பார்த்துவிட்டு வாருங்கள்.

துப்பாக்கி போனால் ஆம்பளைக்கு என்ன மரியாதை என்று கூட ஒருவர் சொன்னார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எங்கள் தாத்தாவிடம் லைசென்ஸ் துப்பாக்கி ஒன்று இருந்தது, கடலைக் கொல்லைக்கு வருகிற பன்றிகளை விரட்ட. தேர்தல் அறிவித்தால் அதைச் சாக்கில் சுற்றிச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போய் போலீஸ் ஸ்டேஷனில் கொடுத்து ரசீது வாங்கி வருவார். முடிவு வந்ததும் போய் வாங்கி வருவார். யாரையும் அடித்ததற்காக இல்லை, தேர்தல் வந்துவிட்டது என்பதற்காக! அதற்காக ஒருவரும் வந்து அவர் தோளைத் தட்டவில்லை. வரும் வழியில் டீ குடித்துவிட்டு வருவார்.

என்னை உறுத்துவது சட்டம் கூட இல்லை. ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வந்தாளே, அவள் அதற்குப் பிறகு எந்தப் பொங்கல் விழாவுக்கும் வரவில்லை. அவள் செய்த தப்பு போலீஸுக்கு 911-ஐக் கூப்பிட்டது. "அவசரப்பட்டுட்டா" என்று சொன்னவர்களில் சிலர் சனிக்கிழமையும் இருந்தார்கள். அவளுக்கு யாரும் கேசரி கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. அவள் கணவர் மட்டும் எல்லா விழாவிலும் இருக்கிறார், மேடைக்கு மைக் கட்டுகிறார், நன்றாகப் பாடுகிறார். பாடட்டும். துப்பாக்கி மட்டும் வேண்டாம்.

2017-ல் இதே டெக்சாஸில், சதர்லண்ட் ஸ்பிரிங்ஸ் சர்ச்சில் 26 உயிர். சுட்டவன் மனைவியையும் அவள் குழந்தையையும் அடித்து ராணுவ நீதிமன்றத்தில் தண்டனை பெற்றவன். விமானப்படை அந்தத் தண்டனையை எஃப்பிஐ பட்டியலில் சேர்க்க மறந்துவிட்டது. கடையில் பெயரைத் தட்டிப் பார்த்தார்கள், ஒன்றும் வரவில்லை, விற்றுவிட்டார்கள். சனிக்கிழமை ஆளுக்குப் படிவம் ஒழுங்காக வேலை செய்திருக்கிறது. அதைத்தான் நீங்கள் துக்கமாக விசாரித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

என்னை நீக்க வேண்டும் என்று விழாக் குழுவில் பேச்சு அடிபடுவதாகக் கேள்விப்பட்டேன். நீக்குங்கள், வரவு செலவு நோட்டை யார் வந்து வாங்கிக்கொள்வது என்று மட்டும் சொல்லிவிடுங்கள். கமெண்டில் சட்டம் பேச வருகிறவர்களுக்கு: 4473 படிவம், துப்பாக்கி விற்பனையைக் கண்காணிக்கும் மத்திய அமைப்பான ஏடிஎஃப்-இன் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, படித்துவிட்டு வாருங்கள். யாராவது பெண் இதை ஒளித்து வைத்துப் படித்துக்கொண்டிருந்தால், குடும்ப வன்முறை உதவி எண் 1-800-799-7233. எந்நேரமும் எடுப்பார்கள், மொழிபெயர்க்க ஆள் வேண்டும் என்றும் கேட்கலாம்.