யூனியன் சந்தா கட்டியவர்களுக்கு மேடையில் இடமில்லையா?

நம் முன்னோர் தென்னாப்பிரிக்காவில் வந்து இறங்கியதை நினைவுகூரும் நவம்பர் 16 விழாவில் நடந்ததை வந்தவர்கள் எல்லாரும் பார்த்தீர்கள். வராதவர்களுக்கும் அந்த வீடியோ இந்நேரம் வந்து சேர்ந்திருக்கும். மேடையில் பேச்சாளர் சொன்னது இது: "நம் ஆட்கள் யூனியன், ஸ்ட்ரைக் என்று அலையவில்லை, உழைத்தார்கள், படித்தார்கள், முன்னுக்கு வந்தார்கள்." அதற்குக் கைதட்டல் வேறு. தட்டியவர்களில் சிலருடைய தாத்தாக்கள் யூனியன் அட்டை வைத்திருந்தவர்கள். பெயர் சொல்ல மாட்டேன், அவரவருக்கே தெரியும்.

1860இல் ஒப்பந்தக் கூலிகளாக நம் ஆட்களை ஏற்றிக்கொண்டு ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து டர்பனுக்கு வந்தது எல்லாருக்கும் மனப்பாடம். 1913இல், ஒப்பந்தம் முடிந்தும் இங்கேயே தங்கியவர்கள் மேல் போட்ட மூன்று பவுண்டு வரியை எதிர்த்து, டர்பன் இருக்கும் நேட்டால் மாகாணத்துச் சுரங்கத்திலும் கரும்புத் தோட்டத்திலும் வேலையை நிறுத்தியவர்கள் யார்? காந்தி பக்கத்தில் நின்றதால் அவர்களுக்கு மாலை. நான்கு வருடம் கழித்து அதே கூலிக்காரர்கள் சொந்தமாகச் சங்கம் வைத்தால் அலைகிறார்களாம்!

1917இல் டர்பனில் இந்தியத் தொழிலாளர்களுக்கென்று யூனியன் எழுந்தது. செயலாளர் பெர்னார்ட் சிகாமணி, பள்ளி ஆசிரியர், பிற்பாடு பாதிரியார். துறைமுகம், சலவை, அச்சகம், ஹோட்டல், அப்புறம் புகையிலை என்று இந்த வேலைக்காரர்களைத்தான் அது திரட்டியது. விழா மலரில் சிகாமணி பெயரைத் தேடினேன். நகைக்கடை விளம்பரம்தான் கண்ணில் பட்டது.

என் ஆயா சிகரெட் தொழிற்சாலையில் இலை உரித்தவர். காய்ந்த இலையின் நடு நரம்பைக் கிழித்து எடுக்க வேண்டும். தூசி மூக்கில் ஏறும். புதிதாக வந்த பெண்களுக்குத் தலை சுற்றி வாந்தி வருமாம். எவ்வளவு துவைத்தாலும் ஆயாவின் சேலையில் அந்த நெடி போகாது. சம்பள நாளில் யூனியன் சந்தாவை எடுத்து வைத்துவிட்டுத்தான் அரிசிக் கணக்கு. தாத்தா முணுமுணுத்தால், "உங்க காசையா எடுத்தேன்?" என்பார். அதோடு பேச்சு முடிந்தது. இந்த ஆயாதான் மேடைக் கணக்கில் இல்லாதவர்.

"அதெல்லாம் கம்யூனிஸ்ட் வேலை" என்று ஒருவர் இன்பாக்ஸில் வந்தார். ஆமாம் ஐயா, டர்பனில் யூனியன்களை நடத்திய எச்.ஏ. நாயுடுவும் ஜார்ஜ் பூனனும் கம்யூனிஸ்ட்டுகள்தான். 1937இல் டர்பன் ஃபால்கர்க் இரும்பாலையில் இந்தியரும் ஆப்பிரிக்கரும் சேர்ந்து வேலையை நிறுத்தியபோது கூட நின்றவர்கள் அவர்கள். உங்கள் கனவான்கள் அன்று எங்கே இருந்தார்கள்?

"புகையிலை உடம்புக்குக் கேடு, அதைப் போய்க் கொண்டாடலாமா?" அந்தத் தூசியை விழுங்கியவரைப் பற்றிப் பேசுகிறேன். அடுத்த கேள்வி.

"டன்லப்பில் என்ன ஆயிற்று?" இது நியாயமான கேள்வி. 1942 கடைசியில் டர்பனில் இருந்த அந்த டயர் தொழிற்சாலையில் இந்தியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் இடத்தில் ஆப்பிரிக்கர்களை எடுத்தார்கள். தோற்றோம். ஆப்பிரிக்கருக்கும் இந்தியருக்கும் இடையே 1949 டர்பன் கலவரமும் வந்தது. அதை மறைக்கவில்லை. ஆனால் 1924 தொழிற்சங்கச் சட்டம், பாஸ் என்ற நடமாட்ட அனுமதிச் சீட்டைச் சுமந்த ஆப்பிரிக்கரைத் தொழிலாளி என்றே ஏற்கவில்லை. 1956 சட்டம் பல இனத்தவர் கலந்த யூனியன் புதிதாகப் பதிவாக முடியாது என்றது. பிரித்து வைத்தது வெள்ளையர் அரசு. பழி யூனியனுக்கா? இதற்குப் பிறகும் எல்லா இனத்தவருக்கும் பொதுவான சாக்டு என்ற தொழிற்சங்கக் கூட்டமைப்பில் நின்ற பில்லி நாயர் ராபன் தீவில் 20 வருடம் சிறையில் கிடந்தார். அவரும் அலைந்தவர்தானே?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஆயாவுக்கு இங்கிலீஷ் வராது. கூட்டத்தில் ஒருவர் எழுந்து அவருக்குத் தமிழில் சொல்வாராம், புரிந்த பிறகுதான் கை தூக்குவாராம். இன்று நம் விழாவில் வணக்கத்துக்கும் நன்றிக்கும் நடுவில் ஒரு வார்த்தை தமிழ் கிடையாது. ஆயா உயிரோடு வந்திருந்தால், தன்னைத் திட்டியதுகூட அவருக்குப் புரிந்திருக்காது. மண்டபச் சுவர் முழுக்க நன்கொடையாளர் பெயர். இருக்கட்டும். நன்கொடை கேட்டுப் பாத்திரம் ஏந்தி வீடு வீடாக வந்தபோது சில்லறை போட்ட புகையிலைக்காரிக்கு ஒரு வரியாவது?

விழாக்குழுவுக்கு: அடுத்த மலரில் ஒரு பக்கம் வேண்டும். டர்பன் தொழிற்சங்கங்களைப் பற்றி நானே எழுதித் தருகிறேன். விளம்பரப் பக்கத்தில்தான் இடம் என்றால் அந்தக் காசையும் கட்டுகிறேன். பேச்சாளரின் சொந்தக்காரர்கள் தயவுசெய்து என் அம்மாவுக்கு போன் போட வேண்டாம். சொல்ல வேண்டியதை இங்கேயே கீழே எழுதுங்கள்.