பச்சை வாடை

பியரைப் பற்றி எழுதினால் இரண்டு வகை மறுமொழிகள் வரும். 'குடியைப் பரப்புகிறாயா' என்பது ஒன்று, 'எந்தக் கடை, என்ன விலை' என்பது மற்றொன்று. முதல் வகையினருக்குச் சொல்லிவிடுகிறேன்: நாங்கள் நான்கு பேர், மாதத்தில் ஒரு சனிக்கிழமை, ஆளுக்கு நான்கு சிறு குவளை. ஒருவருடைய நான்கையும் ஒன்றாக ஊற்றினாலும் ஒரு பெரிய பாட்டில் நிறையாது. வீடு திரும்புவது மெட்ரோவில். இரண்டாம் வகையினர் மன்னிக்க வேண்டும், கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை.

நால்வரில் மூத்தவர் பெங்களூரு அல்சூரில் மெஸ் நடத்துகிறார். திருச்சிக்காரர். எங்களுக்கு அவர் 'மெஸ் அண்ணன்'. போன மாதம் புதிதாகத் திறந்த ஒரு மைக்ரோ புரூவரிக்கு, அதாவது பியரைச் சிறு அளவில் அங்கேயே காய்ச்சித் தரும் கடைக்கு, போயிருந்தோம். மரப்பலகையில் குழி வெட்டி, அதில் நான்கு குவளைகளைப் பதித்துக் கொண்டுவந்து வைத்தார்கள். முதலாவது, பொன்னிறத்தில் பேல் ஏல் என்ற வகை பியர். 'அப்போதே அரிந்த பச்சை ஆப்பிளின் நறுமணம்' என்று அட்டையில் அச்சடித்திருந்தது. மூன்று பேர் அட்டையைப் படித்துவிட்டுத்தான் முகர்ந்தோம், ஆகவே மூன்று பேருக்கும் ஆப்பிள் கிடைத்துவிட்டது. நான் தலையைக்கூட ஆட்டினேன். மெஸ் அண்ணன் அன்று மூக்குக்கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு வந்திருந்தார். குவளையை மூக்கருகே கொண்டுபோனார், கீழே வைத்தார், மறுபடி எடுத்தார்.

"பச்சை வாடை அடிக்கிறதே. இன்னும் ஒரு கொதி வரவேண்டிய குழம்பை இறக்கிப் பந்திக்குக் கொண்டுவந்துவிட்டார்கள்" என்றார்.

மறுபடி முகர்ந்தேன். ஆப்பிள் போன இடம் தெரியவில்லை. பூசணிக்காயை அப்போது வெட்டியதும் எழும் பச்சை வாடைதான் இருந்தது.

அவர் சொன்னது வேதியியல்படியும் சரி. ஈஸ்ட் சர்க்கரையை ஒரே தாவலில் ஆல்கஹாலாக மாற்றுவதில்லை. நடுவே அசிட்டால்டிஹைடு என்ற படியில் கால் வைத்துத்தான் ஏறுகிறது. அந்தப் பொருளின் மணம்தான் பச்சை ஆப்பிள், அறுத்த பூசணி எல்லாம். தொட்டியில் இன்னும் சில நாள் விட்டுவைத்தால் ஈஸ்டே அதில் பெரும்பகுதியைத் தீர்த்துவிடும். அவசரப்பட்டுக் குழாயைத் திறந்தால் அது குவளைக்கு வந்துவிடும். முற்றாத பியரை ஆங்கிலத்திலும் 'பச்சை பியர்' என்றுதான் சொல்கிறார்கள். குறையின் பெயரையே நறுமணம் என்று அட்டையில் போட்டுக்கொள்ளும் துணிச்சலை மட்டும் பாராட்டத்தான் வேண்டும்.

பரிமாறிய பையன் கிருஷ்ணகிரிப் பக்கம். நாங்கள் தமிழில் பேசுவதைக் கேட்டுக்கொண்டே நின்றவன், குனிந்து மெதுவாகச் சொன்னான்: "அண்ணா, கிரிக்கெட் போட்டி என்று இரண்டு நாள் முன்னதாகவே தொட்டியைத் திறந்துவிட்டார்கள். நான் சொன்னதாகச் சொல்லிவிடாதீர்கள்." சொல்லவில்லை தம்பி, முகநூலில்தான் எழுதுகிறேன்.

எங்களில் ஒருவர் கல்லூரியில் தமிழ் படித்தவர். அன்றிரவு பதினோரு மணிக்கு வாட்ஸ்அப்பில் பெரும்பாணாற்றுப்படையிலிருந்து சில வரிகளை அனுப்பினார். மீன் பிடிக்கும் வலைஞர் குடியிருப்பில் கள் சமைக்கும் இடம் அது. அரிசியைக் களியாகத் துழாவி, அகன்ற வாயுள்ள பிழா என்ற தட்டில் ஆறவைத்து, நெல்முளையை இடித்துக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் விளையவிடுகிறார்கள். முளைவிட்ட தானியம் என்றால் இன்று பியர் காய்ச்சும் மால்ட், வேறொன்றுமில்லை. நான் நிமிர்ந்து உட்கார்ந்தது அடுத்த சொல்லுக்கு: 'வழைச்சு அற விளைந்த'. வழைச்சு என்றால் இளமை, முற்றாத தன்மை. அது அற்றுப்போகும்வரை விளைந்ததாம். மெஸ் அண்ணன் மூக்கில் பட்டது இந்த வழைச்சேதான்! அது அறும்வரை காத்திருக்க அந்த வலைஞர்களுக்குப் பொறுமை இருந்திருக்கிறது, அவர்களுக்குக் கிரிக்கெட் போட்டி இல்லை.

இந்த நகரத்தில் குவளையைச் சுழற்றி முகர்ந்து அபிப்பிராயம் சொல்லும் பழக்கம் பழையதல்ல. 2009இல் புனேயில் டூலாலி என்ற மைக்ரோ புரூவரி வந்தது, 2010இல் இங்கே இந்திராநகரில் டாய்ட் வந்தது, அதற்கடுத்த சில ஆண்டுகளில் விட்டல் மல்லையா சாலை, வைட்ஃபீல்ட் என்று பரவியது. பியர் வந்த வேகத்திலேயே அதற்கான சொற்களும் கட்டுச்சோறாக வந்து இறங்கிவிட்டன: சிட்ரஸ், கேரமல், பிஸ்கட், பைன் மரம். பைன் மரத்தை நான் ஊட்டியில் இரண்டு முறை பார்த்திருக்கிறேன், முகர்ந்த நினைவில்லை. ஆனாலும் ஐந்தாண்டுகளாக, இந்தியா பேல் ஏல் என்ற கசப்பு பியரான ஐபிஏ ஒவ்வொன்றிலும் அதை முகர்ந்துவந்திருக்கிறேன் என்று இப்போது வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

பியருக்குக் கசப்பும் மணமும் தருவது ஹாப்ஸ் என்ற பூ. அந்தக் கசப்பைப் புரிந்துகொள்ள ரசம் வைக்கத் தெரிந்தால் போதும். ரசத்தில் மிளகு கொதிக்கிறது, மல்லித்தழை இறக்கும்போது விழுகிறது. ஹாப்ஸும் அப்படித்தான். கொதி தொடங்கும்போது போட்டால் கசப்பு இறங்கும், மணம் ஆவியாகிப் போய்விடும். கடைசியில் போட்டால் மணம் நிற்கும், கசப்பு ஏறாது. எனக்கு நல்ல ஐபிஏ என்பது வேப்பம்பூ ரசம்: நாக்கின் அடியில் கசந்து, உடனே அடுத்த வாய் கேட்க வேண்டும். கசந்து அங்கேயே உட்கார்ந்துகொண்டால் அது நிலவேம்புக் கஷாயம். சென்ற ஆண்டு குடித்த பாதி ஐபிஏக்கள் கஷாயம்தான். (ஐபிஏ என்றதும், கப்பலில் இந்தியா வரும்வரை கெடாமலிருக்கக் கண்டுபிடித்தது என்று எல்லா மேசையிலும் ஒருவர் கதை சொல்வார். வெப்பநாடுகளுக்குப் போகும் பியருக்கு ஹாப்ஸ் கூட்டுவது அதற்கு முன்பே இருந்த வழக்கம். போர்ட்டர் என்ற கறுப்பு பியரும் ஏராளமாக அதே வழியில் கப்பலேறி வந்தது. சொன்னால் கேட்கமாட்டார்கள், கதை அவ்வளவு நன்றாக இருக்கிறது.)

கோதுமை பியரான ஹெஃபவைஸனில் வாழைப்பழ மணம் வரும். அதில் வாழைப்பழம் சேர்ப்பதில்லை, எல்லாம் ஈஸ்டின் கைவண்ணம். கூடவே கிராம்பு மணமும் வரும், அதுவும் ஈஸ்டின் வேலைதான். வாழைப்பழம் என்று சொல்லி நிறுத்திக்கொள்ள வெள்ளைக்காரர்களால் முடியும், நம்மால் முடியுமா? எந்த வாழைப்பழம்? மெஸ் அண்ணன் பூவன் என்கிறார். அல்சூரிலேயே பிறந்து வளர்ந்த நண்பர் ஏலக்கி என்கிறார். தோலில் கறுப்புப் புள்ளி விழுந்த ரஸ்தாளி என்பது என் கட்சி. ஏழு மாதமாக வழக்கு நடக்கிறது.

இதில் எனக்கு உண்மையாகவே கோபம் வருவது குளிர்ச்சி விஷயத்தில்தான். எங்கள் ஊர் டாஸ்மாக் வாசலில் பியருக்கு இருந்த ஒரே தரக்கட்டுப்பாடு 'கூலிங் இருக்கிறதா' என்பது. அங்கே அது நியாயம், அந்த பியரைச் சூடாகக் குடிக்க முடியாது. குளிரில் நாக்கு மரத்துப்போகும், மணம் மேலே எழும்பாது, குறைகள் எல்லாம் போர்வைக்குள் படுத்துக்கொள்ளும். ஆனால் சிறு தொட்டியில் பார்த்துப் பார்த்துக் காய்ச்சியதாகச் சொல்லும் ஸ்டவுட் என்ற கறுப்பு பியரையும் ஏலையும் பனிபடர்ந்த குவளையில் தருகிறார்கள் என்றால் எதை மறைக்கிறார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது. நான் குவளையை இரு உள்ளங்கைக்குள் வைத்து ஐந்து நிமிடம் பொத்திக்கொண்டிருப்பேன். பக்கத்து மேசைக்காரர்கள் பிரார்த்தனை என்று நினைக்கிறார்கள். அன்று கடைசிக் குவளையை அப்படிப் பொத்தியபோது, அதிலிருந்த லாகர் என்ற வகை பியரில் உருக்கிய நெய் மணந்தது. அல்சூர் நண்பருக்கு அது பிடித்துப்போனது. டைஅசிட்டைல் என்ற பொருளின் மணம் அது, லாகரில் குறை என்று விளக்கினேன். அதையும் ஈஸ்டே திரும்ப உறிஞ்சிக்கொள்ளும், பியரைச் சற்று வெப்பத்தில் ஓரிரு நாள் விட்டுவைத்தால் போதும். "குறையோ நிறையோ, நெய்மணம் எனக்கு வேண்டும்" என்று என் பங்கையும் வாங்கிக் குடித்துவிட்டார். அவரை நான் மறுக்கவில்லை. நெய் என்று சொல்லிவிட்டுத்தானே விரும்பினார், அட்டையைப் படித்து அல்லவே.

கைப்பேசிச் செயலியில் 3.75 நட்சத்திரம் போட்டுவிட்டு எழுந்து போகிறவர்களுடன் எனக்குப் பேச்சே இல்லை.

இந்தச் சனிக்கிழமை அதே கடைக்கு மறுபடியும் போனோம். கிருஷ்ணகிரித் தம்பி தானாகவே பேல் ஏலை முதலில் கொண்டுவந்து மெஸ் அண்ணன் முன்னால் வைத்துவிட்டு நகராமல் நின்றான். இந்த முறை கண்ணாடி போட்டிருந்தார், ஆனால் அட்டையைத் தொடவில்லை. முகர்ந்தார். ஒரு வாய் குடித்தார். "போய்விட்டது தம்பி" என்றார். அவன் முகத்தில் வந்த சிரிப்பைப் பார்த்தால் அவனே காய்ச்சியதுபோல் இருந்தது. பிறகு என் கோதுமை பியரைத் தன் பக்கம் இழுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, "ரஸ்தாளியாவது, மண்ணாவது. பூவன்தான்" என்றார்.